விலகிச் செல்லும் உரிமை

சங்குமுகத்துக்கு வடக்கேயும் கொச்சுவேளிக்குத் தெற்கேயுமாகத் திருவனந்தபுரத்தின் கடலோரத்தை ஒட்டிக் கிடக்கும் வெட்டுகாடு, அங்குள்ள மாத்ரே தெ தேவூஸ் தேவாலயத்தினாலும், ஆண்டுதோறும் நவம்பரில் கிறிஸ்துராஜா திருநாளுக்குக் கூடும் பெருந்திரளினாலும் வெளியூராருக்குப் பரிச்சயமான ஊர். பந்தாட்டத்தில் அபிமானம் கொண்டவர்களுக்கோ அது ஜோபி ஜஸ்டின் பிறந்த ஊர். அங்கிருந்து தெற்கே பூந்துறை, விழிஞம், பொழியூர் என்று இறங்கி, மாநில எல்லையைத் தாண்டி நமது கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை, தூத்தூர் வரையில் செல்லும் இந்தக் கடற்கரை முழுவதும், மொழி மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறுகிறதே தவிர, மீன்பிடித் தொழிலும் மாறுவதில்லை, மாலை நேரத்தில் மணலில் பந்தை உதைக்கும் பையன்களின் காட்சியும் மாறுவதில்லை.

இந்தக் கரையில் பிறந்த ஒரு பையனுக்குப் பந்தாட்டம் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. தகப்பனாரின் படகிலிருந்து சர்க்கார் அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டுக்குச் செல்லும் பாதையாக அது தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது. கேரள போலீஸ், கொச்சுவேளியில் உள்ள டைட்டானியம் தொழிற்சாலை, மின்வாரியம், ஏஜீஸ் அலுவலகம், 2017 ஏப்ரலில் ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவுடன் இணைந்து மறைந்துபோன ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் ஆகிய ஸ்தாபனங்கள்தாம் திருவனந்தபுரத்தில் நெடுங்காலம் 'கிளப்' என்பதன் அர்த்தமாக விளங்கின. அங்கே விளையாட்டு வீரனுக்குக் கிடைத்தது சம்பளம் மட்டுமன்று. வங்கிக் கடன் பெறத் தக்க கௌரவம், தங்கையின் விவாகத்தில் சொல்லிக்கொள்ளத் தக்க பதவி, கால் ஓய்ந்த பிறகும் ஓயாத ஓய்வூதியம் ஆகிய யாவும் அந்த ஒற்றை நியமன உத்தரவில் அடங்கியிருந்தன. ஆகவே ஒரு வீரன் தன் கிளப்பை விட்டு விலக விரும்பினால் அவன் விட்டுச் செல்வது ஒரு சட்டையின் நிறத்தை அன்று, ஒரு ஜீவனோபாயத்தை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் கோடைதோறும் நடைபெறும் வீரர் பரிமாற்ற அமளியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, நம் வீரர்களையும் அதே அளவுகோலால் அளந்து, விசுவாசி என்றும் துரோகி என்றும் பெயர் சூட்டுகிறவர்கள் இதை நினைப்பதில்லை.

மின்வாரிய அணியில் ஆடிக்கொண்டிருந்த ஜோபி ஜஸ்டின் 2017-இல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்குச் சென்றார். இரண்டாவது பருவமாகிய 2018–19-இல், ஐ-லீக் போட்டியில் 9 கோல்கள் போட்டு, அவ்வாண்டு அந்தப் போட்டியில் மிக அதிகமாகக் கோல் போட்ட இந்தியர் என்ற பெயரைப் பெற்றார். மோகன் பகானை அந்தப் பருவத்தில் எதிர்கொண்ட இரண்டு ஆட்டங்களிலும் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. இரண்டிலும் அவர் கோல் போட்டார். கல்கத்தாவில் இந்த ஒரு காரியம் போதும், ஒரு மனிதனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதற்கு. கோயம்புத்தூரைத் தன் மைதானமாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி அணி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தைத் தட்டிச் செல்லாதிருந்தால், பதினைந்து ஆண்டுகளாகத் தேசியப் பட்டம் காணாத ஈஸ்ட் பெங்கால் அன்று அதைக் கண்டிருக்கும்.

கல்கத்தாவிலேயே இருந்த ஏ.டி.கே. கிளப்புடன் ஜோபி உடன்பாடு செய்துகொண்டுவிட்டார் என்ற செய்தி அப்போது பரவியது. அபிமானிகள் கொதித்தெழுந்தார்கள், ஈஸ்ட் பெங்கால் நிர்வாகம் அவர் தம்மிடமே கட்டுப்பட்டவர் என்று உரிமை கோரிற்று, விவகாரம் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் வாசலை எட்டியது. முடிவில் 2019–20 பருவத்தில் அவர் ஏ.டி.கே. வீரராகவே களம் இறங்கினார். இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த நம் மைக்கேல் சூசைராஜும் ஜம்ஷெட்பூர் அணியிலிருந்து அதே ஆண்டில் அதே கிளப்புக்கு வந்து சேர்ந்தார். எல்லைக்கு அப்பாலும் இப்பாலுமாகப் பக்கத்துக் கரைகளில் வளர்ந்த இருவர், வங்காளத்தில் ஒரே அணியினராகி, 2020 மார்ச் 14-ஆம் தேதி கோவாவில் பார்வையாளர் எவருமில்லாத மைதானத்தில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டத்தில் சென்னையின் எஃப்.சி.யை 3–1 என்று வென்று பட்டம் பெற்ற கிளப்பில் இடம் பெற்றிருந்தார்கள் என்பதை நினைக்க எனக்கு இன்றும் உவகையாக இருக்கிறது.

ஜோபி செய்தது நியாயமா? அவருடைய ஸ்தானத்தில் நின்று பார்த்தால் விடை அவ்வளவு சிரமமானதன்று. 2019-ஆம் ஆண்டு இந்தியப் பந்தாட்டத்தின் தலைமைப் போட்டி என்னும் அந்தஸ்து ஐ-லீக்கிலிருந்து இந்தியன் சூப்பர் லீக்குக்குக் கைமாறிய ஆண்டு. ஈஸ்ட் பெங்கால் அப்போது அந்த லீக்கில் இல்லை, 2020-இல்தான் அதில் நுழைந்தது. இருபத்தைந்து வயதைக் கடந்துவிட்ட ஒரு முன்கள வீரன், கால்களில் பலம் இருக்கும் சில ஆண்டுகளுக்குள் உயர்ந்த மேடையில் ஏறிவிட வேண்டும் என்று எண்ணுவதைப் பேராசை என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஓர் ஆசிரியர் நல்ல பள்ளிக்கூடத்துக்கு மாறுகிறார், ஒரு வைத்தியர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்கிறார், எவரும் அவர்களைத் துரோகி என்பதில்லை.

இத்தகைய பேரங்கள் உள்ளே எப்படி நடைபெறுகின்றன என்பதைப் பொதுமக்கள் பெரும்பாலும் அறிவதில்லை. ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதம் இருக்கையில் ஒரு வீரன் வேறு கிளப்புடன் அடுத்த பருவத்துக்காகக் கையெழுத்திடலாம் என்று சர்வதேசச் சம்மேளனமாகிய ஃபிஃபாவின் விதி சொல்கிறது. ஆனால் அந்த ஆறு மாதமும் அவன் பழைய கிளப்புக்காகவே ஆட வேண்டும், அந்த மைதானத்திலேயே கூச்சலைக் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் காலம் மிஞ்சியிருக்கையில் விலக வேண்டுமானால் மூவர் இணங்கியாக வேண்டும்: விடுகிற கிளப், எடுக்கிற கிளப், வீரன். எடுக்கிற கிளப் முதலில் ஏஜென்ட் மூலமாக வீரனின் மனத்தைத் தொட்டுப் பார்க்கும். பிறகு ஒரு தொகையைச் சொல்லும். விடுகிற கிளப் அதை அவமானமாகக் கருதுவதுபோல் நிராகரித்துவிட்டு, இரட்டிப்பாகக் கேட்கும். இருவருக்கும் நடுவில் நிற்கும் வீரன் தன் விருப்பத்தை உணர்த்துவதற்குக் கையில் உள்ள ஆயுதங்கள் மிகச் சொற்பம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுக்கலாம். பத்திரிகைக்காரரிடம் ஏதாவது சொல்லலாம். பயிற்சிக்குப் போகாமல் இருக்கலாம். கிளப்பின் கையிலோ அதிகம் உண்டு. அவனைப் பெஞ்சில் உட்கார வைக்கலாம், தனியாகப் பயிற்சி செய்யச் சொல்லலாம், எவரும் கொடுக்க முடியாத விலையைக் கூறலாம், அல்லது பரிமாற்றச் சாளரம் மூடுகிற தேதி வரையில் ஒன்றும் சொல்லாமலே மௌனம் சாதிக்கலாம். அந்தத் தேதி கடந்துவிட்டால் வீரனுடைய ஆயுளில் ஆறு மாதம் கழிந்தது. கிளப்புக்கு ஆறு மாதம் என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம். முப்பதை நெருங்குகிறவனுக்கு அது மிஞ்சியிருக்கும் ஆட்ட வாழ்வில் ஒரு பெரும் பங்கு.

கல்கத்தாவில் இதைவிடக் கடுமையான காலமும் இருந்தது. கிளப் மாறும் வாரம் வந்துவிட்டால், கையெழுத்திடும் வரையில் வீரர்களை ரகசியமான வீடுகளில் தங்க வைத்துக் காவல் போடுவதும், மறுகட்சியார் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து இரவோடிரவாக அழைத்துச் செல்வதும் அங்கே ஒரு சம்பிரதாயமாகவே இருந்தன. இக்கதைகளைப் பழைய ரசிகர்கள் இன்றும் ஆனந்தமாகச் சொல்லுவார்கள். எனக்கு அவற்றில் ஆனந்தம் தோன்றுவதில்லை. சுயமாக முடிவு செய்ய வேண்டிய ஒரு மனிதனை, அவனுடைய சொந்தக் கையெழுத்துக்காக அறையில் பூட்டி வைத்த செயலை வீரதீரம் என்று எப்படிக் கொண்டாடுவது?

அந்தக் கல்கத்தா நம் கேரள போலீஸ் அணியையும் தொட்டது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட போலீஸ் இலாகா, 1980-களில் மாநிலத்தின் மூலைமுடுக்குகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த அந்த அணி, வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன், சி.வி. பாப்பச்சன், யூ. ஷரஃபலி முதலியோரைக் கொண்டு 1990-இல் திருச்சூரிலும் 1991-இல் கண்ணூரிலுமாகத் தொடர்ந்து இருமுறை ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. அதற்கு முன்பு கேரளத்தின் எந்த அணியும் அக்கோப்பையைத் தொட்டதில்லை. சம்பளம் வாங்கும் போலீஸ்காரர்கள், கல்கத்தாவிலும் கோவாவிலும் பணம் கொடுத்துத் திரட்டிய அணிகளைத் தோற்கடித்த அந்த இரண்டு ஆண்டுகளை, இந்த மாநிலத்துப் பந்தாட்டத்தின் பொற்காலம் என்று சொன்னால் அது மிகையாகாது.

வெற்றியே அணியைக் கலைத்தது. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவனாக இருந்து, பதினெட்டு வயதுக்குள் போலீஸ் அணிக்கு எடுக்கப்பட்ட விஜயன், 1991-இல் மோகன் பகானுக்குச் சென்றார். அடுத்த ஆண்டே போலீஸுக்குத் திரும்பினார். 1993-இல் மறுபடி கல்கத்தா சென்றார். அதன்பின் பஞ்சாபின் ஜே.சி.டி., கொச்சியின் எஃப்.சி. கொச்சின் என்று அவருடைய பயணம் நீண்டது. இந்தப் போக்குவரத்தைச் சஞ்சல புத்தி என்று அக்காலத்தில் சிலர் ஏசினார்கள். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒரு பக்கம் கைக்கு வரும் மெய்யான பணமும் தேசம் முழுதும் பார்க்கும் மேடையும். மறு பக்கம் அரசாங்க உத்தியோகம் என்னும் நிழல். வறுமையை நேரில் கண்டவன் அந்த நிழலை விட்டு வெயிலில் இறங்குவதற்கும், இறங்கிய பின் திரும்பிப் பார்ப்பதற்கும் காரணம் வேண்டுமா? அவர் பிற்காலத்தில் மீண்டும் போலீஸ் உடுப்பை அணிந்து, மலபார் ஸ்பெஷல் போலீஸின் டெபுடி கமாண்டன்ட்டாக 2025-இல் ஓய்வு பெற்றார்; அதே ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் வந்தது. போனவனைத் திரும்ப ஏற்றுக்கொள்ள இலாகாவுக்கு மனம் இருந்தது என்பதை நான் பெருந்தன்மை என்று எண்ணுகிறேன்.

சத்யனுக்கு அத்தகைய நிறைவு வாய்க்கவில்லை. 1992-இல் கோயம்புத்தூரில் கேரளம் சந்தோஷ் கோப்பையை வென்றபோது தலைவராக நின்றவர், இந்தியாவுக்கும் தலைமை தாங்கியவர், போலீஸை விட்டு மோகன் பகானுக்கும், பின்பு சென்னையில் இந்தியன் வங்கிக்கும் சென்றார். காயம் பட்ட முழங்காலோடு ஆட்டம் ஓய்ந்த பிறகு, வங்கி உத்தியோகம் மட்டும் மிஞ்சியது. 2006 ஜூலை 18-ஆம் தேதி சென்னைப் பல்லாவரத்தில் அவர் வாழ்வு முடிந்தது; வயது 41. ஒரு கிளப்பை விட்டு இன்னொன்றுக்குச் சென்றதுதான் அவர் துயரத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை, சொல்வதற்கு எவருக்கும் அதிகாரமும் இல்லை; ஆட்டம் முடிந்த மனிதனைப் பற்றி, அவனுக்காகப் பேரம் பேசிய கிளப்புகளின் காகிதங்கள் எதிலும் ஒரு வரியேனும் இருந்ததில்லை என்பதையே நினைவூட்டுகிறேன்.

இன்றைக்கு வருவோம். 2024-இல் தேசம் முழுவதும் பேசப்பட்ட அன்வர் அலி விவகாரம், இவ்விஷயத்தின் எல்லாச் சிக்கல்களையும் ஒரே வழக்கில் கட்டிக் காட்டியது. பஞ்சாபில் பிறந்து 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிய இந்தத் தடுப்பு வீரர், இருதய நோயின் காரணமாக ஆடவே கூடாது என்று தடுக்கப்பட்டு, தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகிப் போராடி மைதானத்துக்கு மீண்டவர். அவருடைய உரிமை தில்லி எஃப்.சி. என்னும் கிளப்பிடம் இருந்தது. அது 2023-இல் அவரை நான்கு ஆண்டுகளுக்கு மோகன் பகானிடம் கடனாக ஒப்படைத்தது. ஓராண்டு கழிந்ததும் அன்வர் அந்த ஏற்பாட்டை ஒருதலையாக முறித்துக்கொண்டு, பரம வைரிகளாகிய ஈஸ்ட் பெங்காலிடம் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். மோகன் பகான் முறையிட்டது. அகில இந்தியச் சம்மேளனத்தின் வீரர் அந்தஸ்துக் குழு அவ்வாண்டு செப்டம்பரில், அன்வருக்கு 4 மாதத் தடை, அவரும் ஈஸ்ட் பெங்காலும் தில்லி எஃப்.சி.யும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12 கோடியே 90 லட்ச ரூபாய் நஷ்ட ஈடு, அவ்விரு கிளப்புகளும் இரண்டு பரிமாற்றக் காலங்களில் புதிய வீரரைப் பதிவு செய்யலாகாது என்று தீர்ப்பளித்தது. சில தினங்களுக்குள் விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டு, அம்மாத இறுதிக்குள் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக அன்வர் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் நின்றார்.

அந்த நான்கு மாதமும் இரண்டு பரிமாற்றக் காலமும் குழுவின் கற்பனையில் உதித்தவையல்ல. இருபத்தெட்டு வயதுக்கு முன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை முதல் மூன்று ஆண்டுகளுக்குள், நியாயமான காரணம் இன்றி முறிக்கும் வீரனுக்கு ஃபிஃபா விதிக்கும் தண்டனை அந்த நான்கு மாதத் தடை. தூண்டிய கிளப்புக்கு அந்த இரண்டு பரிமாற்றக் காலத் தடை. இந்த வழக்கில் என் மனம் முழுமையாக அன்வர் பக்கம் சாயவில்லை. மோகன் பகான் நான்காண்டை நம்பித் தன் அணியை அமைத்தது. அந்த நம்பிக்கையை உடைத்தவர்கள் விலை கொடுக்கத்தான் வேண்டும். ஆயினும் நான்காண்டுக் கடன் என்னும் ஏற்பாடே என்னை உறுத்துகிறது. நாடுகளுக்கிடையேயான கடன்களை ஓராண்டுக்கு மேற்படாமல் ஃபிஃபா 2022-லேயே சுருக்கிவிட்டது. ஏனெனில் நீண்ட கடனில் வீரன் இங்கும் உரியவனல்லன், அங்கும் உரியவனல்லன், அவனை வைத்திருப்பவர் வேறு, விற்பவர் வேறு. ஒரு மனிதனை இருவர் கைகளுக்கு நடுவே நான்காண்டு தொங்கவிட்டால், அவன் ஒருநாள் மூன்றாவது கையைப் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை.

இந்தச் சச்சரவு நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் நியூகாஸில் என்னும் ஒரே கிளப்பில், அறுபத்தைந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு வீரர்கள் இதையே செய்தார்கள். 1960-இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தம் ஒப்பந்தக் காலம் முடிந்தும் கிளப் விட மறுத்ததனால், ஆட்டத்தையே நிறுத்திவிட்டுத் தென் இங்கிலாந்தில் கார்க் விற்கும் உத்தியோகத்துக்குப் போனார். அவ்வாண்டு இறுதியில் 47,500 பவுனுக்கு ஆர்சனல் அவரைப் பெற்ற பின்னும் வழக்கைக் கைவிடாமல் நடத்தி, காலம் முடிந்த வீரனைக் கிளப் பிடித்து வைப்பது நியாயமற்ற தொழில் தடை என்று 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸிடம் தீர்ப்புப் பெற்றார். 1995 டிசம்பரில் பெல்ஜியத்தின் போஸ்மன் ஐரோப்பிய நீதிமன்றத்தில் பெற்ற தீர்ப்பு, அந்த விடுதலையை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் ஆக்கியது. 2025-இல் ஸ்வீடன் நாட்டு அலெக்ஸாண்டர் இசாக், வாக்குறுதி மீறப்பட்டது என்று கூறி அதே நியூகாஸிலில் ஆட மறுத்து, செப்டம்பர் முதல் தேதி 12½ கோடி பவுனுக்கு லிவர்பூல் சென்றார். ஈஸ்ட்ஹாமுக்கும் இசாக்குக்கும் உள்ள பேதம் பெரிது: முன்னவரின் ஒப்பந்தம் முடிந்திருந்தது, பின்னவருடையதில் ஆண்டுகள் மிஞ்சியிருந்தன. முன்னவர் கேட்டது நீதி. பின்னவர் கேட்டது சலுகை. ரசிகர்கள் இரண்டையும் ஒரே வசையால் ஏசும்போது, இந்தப் பேதம் மறைந்துவிடுகிறது.

ஒப்பந்தம் புனிதமானது என்று வீரனுக்கு உபதேசிக்கிற கிளப்புகள் தாமே அதை எவ்வாறு நடத்தின என்பதையும் நாம் சமீபத்தில் பார்த்தோம். 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக்கின் அடுத்த பருவம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூர் எஃப்.சி. வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. நம் சென்னையின் எஃப்.சி.யும் தன் செயற்பாட்டை நிறுத்தி வைத்தது. போட்டியே நடக்குமா என்று தெரியாதபோது கிளப் முதலாளிகளின் சிரமம் மெய்தான், அதை மறுக்க முடியாது. ஆனாலும், தன் சிரமத்தைக் காரணம் காட்டிக் கிளப் ஒப்பந்தத்தை நிறுத்தினால் அது நிர்வாகத் தீர்மானம் எனப்படுகிறது. தன் சிரமத்தைக் காரணம் காட்டி வீரன் விலகினால் அது துரோகம் எனப்படுகிறது. இந்த வழக்கம் எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது.

2024-இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளத்தில் திருவனந்தபுரத்துக்கும் கொம்பன்ஸ் என்ற பெயரில் ஓர் அணி கிடைத்து, சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில் மாலை நேரங்களில் மீண்டும் கூட்டம் சேர்ந்தது. பழைய ஸ்தாபனங்கள் சுருங்கிவிட்ட இந்நகரத்தில், நியமன உத்தரவின் இடத்தை இனி ஒப்பந்தப் பத்திரம்தான் பிடிக்கப் போகிறது. ஓய்வூதியம் இல்லாத, ஓரிரு பருவங்களுக்கு மேல் நீளாத பத்திரம். அதில் கையெழுத்திடப் போகிறவர்கள் பெரும்பாலும் பூந்துறையிலும் பொழியூரிலும் தூத்தூரிலும் வளர்ந்த பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள்; காகிதம் ஆங்கிலத்தில் இருக்கும், பக்கத்தில் ஓர் ஏஜென்ட் பேனாவைத் திறந்து நீட்டிக்கொண்டிருப்பார்.

கேரளக் கால்பந்து சங்கமும் நம் தமிழ்நாட்டுச் சங்கமும் இரண்டு காரியங்களைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். பத்திரத்தின் மலையாளப் பிரதியோ தமிழ்ப் பிரதியோ கையெழுத்துக்கு ஒரு வாரம் முன்னதாக வீரனின் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். காலம் முடியும் முன் அவன் விலக விரும்பினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற விடுவிப்புத் தொகை அதில் எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். தொகை முன்கூட்டியே தெரிந்திருந்தால், விலகல் என்பது கணக்குத் தீர்க்கும் காரியமாகிவிடும். பயிற்சிக்கு வராமல் ஒளிய வேண்டிய அவசியம் வீரனுக்கும் இராது, அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துத் தண்டிக்கும் சபலம் கிளப்புக்கும் இராது. பொழியூர்ப் பையன் ஒருவன் அந்தப் பத்திரத்தில் தேட வேண்டிய இன்னொரு விதியும் உண்டு. 2018 முதல் ஃபிஃபாவின் ஏட்டில் இருக்கும் அது, இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் நின்றால், கிளப்புக்கு எழுத்து மூலம் தெரிவித்து, 15 நாள் அவகாசம் கொடுத்து, அதன் பிறகும் பணம் வராவிட்டால் எந்தத் தண்டனையும் இன்றி வீரன் வெளியேறலாம் என்கிறது. அந்த விதி தன் பத்திரத்தில் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்டு விடை பெறும் வரையில் அவன் பேனாவைத் தொட வேண்டியதில்லை.